கிரெடிட் கார்டும் கேஷ்பேக்கும்: கூடுமா? லாபமா?



ஆவுடையார்கோவில், மீமிசல், கோபாலப்பட்டினம் போன்ற நம் ஊர்களில் மாதச் சாமான் வாங்கும் முறை பெரிதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் மளிகைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பற்று நோட்டு இருக்கும். சபுரில் இருப்பவர் பணம் அனுப்பியதும் கடைக்காரரிடம் கணக்குத் தீர்க்கப்படும். இன்று பல வீடுகளில் அந்த நோட்டின் இடத்தில் பேங்க் கொடுத்த கிரெடிட் கார்டு இருக்கிறது. அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் துணிமணி, கரண்ட் பில் எல்லாம் அதில்தான். வாங்கிய தொகையில் நூற்றுக்கு ஒன்றோ ஐந்தோ 'கேஷ்பேக்' என்று திரும்பியும் வருகிறது.

இதைப் பற்றி இரண்டு கேள்விகள் நம் வீடுகளில் எழுகின்றன. இந்தப் பணம் நமக்கு ஆகுமானதா? ஆகுமென்றால், நஷ்டப்படாமல் அதை முழுமையாகப் பெறுவது எப்படி? முன்னது ஆலிமிடம் கேட்க வேண்டியது, பின்னது கணக்குத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது பில் கட்ட வேண்டிய கெடுத் தேதி.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கார்டில் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் கடைக்காரர் கைக்கு நூறு ரூபாய் முழுதாகப் போய்ச் சேருவதில்லை. ஒன்றரை, இரண்டு ரூபாய் அளவில் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த பேங்குக்குப் போகிறது. அந்த வருமானத்தில் ஒரு பகுதியைத்தான் பேங்க் நமக்குத் திருப்பித் தருகிறது. இது ஒரு வழி. பில்லைக் கெடுவுக்குள் கட்டாதவர்களிடம் வாங்கும் வட்டி மற்றொரு வழி. ஐந்து சதவீதம் கேஷ்பேக் என்று விளம்பரம் செய்யும்போது, கடைக்காரரிடம் பிடிக்கும் இரண்டு ரூபாயைக் கொண்டு மட்டும் அதைக் கொடுக்க இயலாது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். மீதிக்குச் சில சமயம் விற்பனை நிறுவனமே பொறுப்பேற்கிறது; சில சமயம் கெடு தவறுகிறவர்கள்தான் பொறுப்பேற்கிறார்கள்.

இனி மார்க்கச் சட்டத்தின் பக்கம் வருவோம். கடன் கொடுத்தவர், தாம் கொடுத்த கடனைக் காரணமாக வைத்துப் பெறும் ஆதாயமே வட்டி என்பது ஃபிக்ஹு கலையில் அறியப்பட்ட விதி. கிரெடிட் கார்டில் கடன் கொடுப்பது பேங்க், வாங்குவது நாம். கேஷ்பேக்கோ கடன் கொடுத்தவரிடமிருந்து கடன் வாங்கியவருக்கு வருகிறது. தமக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுப்பது போன்றது இது. ஆகவே பொருள் வாங்கியதற்காகக் கிடைக்கும் இக்கழிவு, அதனளவில் வட்டியாகாது என்று ஆலிம்கள் பலர் விளக்கம் தந்துள்ளனர்.

டெபிட் கார்டின் நிலையோ வேறு. நாம் பேங்கில் போட்டிருக்கும் பணம், சட்டத்தின் பார்வையில் நாம் பேங்குக்குக் கொடுத்திருக்கும் கடன். அந்தக் கடன் உறவின்மேல் பேங்க் நமக்கு ஏதேனும் கொடுத்தால் அது கடன் கொடுத்தவர் பெறும் ஆதாயமாகிவிடுமே என்று சில முஃப்திகள் எச்சரிக்கின்றனர். கடைக்காரரோ விற்பனை நிறுவனமோ தம் சொந்தப் பணத்திலிருந்து தந்தால் அது வெறும் விலைக்குறைப்பு. அதில் சிக்கல் இல்லை. டெபிட் கார்டு சுத்தம், கிரெடிட் கார்டு அசுத்தம் என்று நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். கேஷ்பேக் விஷயத்தில் கேள்வி நேர் மாறாக நிற்கிறது!

ஆனால் கிரெடிட் கார்டு முழுவதற்கும் இது அனுமதிச் சீட்டு அல்ல. கார்டு வாங்கும்போது, கெடு தவறினால் வட்டி தருகிறேன் என்ற ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறோமே, அதற்கு என்ன சொல்வது? 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனை உள்ள, கணக்கில் இருப்பு இல்லாத கிரெடிட் கார்டைக் கொடுப்பதும் பயன்படுத்துவதும் கூடாது, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று அது தீர்மானித்தது. வேறு ஆலிம்களோ, தேவை இருந்து, ஒரு தவணையும் தவறாமல் முழுத் தொகையையும் கட்டிவிடுவோம் என்ற உறுதியும் உள்ளவர் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கின்றனர். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை ஒவ்வொருவரும் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். அனுமதிப்பவர்களும் கெடு தவறுவதை அனுமதிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறோம். சென்ற மாதச் செலவைக் கட்ட இந்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்பவர் இந்தக் கார்டின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் மாதம் 15,000 ரூபாய்க்குக் கார்டில் வாங்குகிறது. கேஷ்பேக் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 150 ரூபாய், ஆண்டுக்கு 1,800 ரூபாய். கார்டின் ஆண்டுக் கட்டணம் 499 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 589 ஆகிறது. மிச்சம் 1,211 ரூபாய். இப்போது ஒரே ஒரு மாதம் பில் கட்டத் தவறியது என்போம். மாதம் மூன்றரை சதவீத வட்டி பல கார்டுகளில் சாதாரணம். 15,000க்கு ஒரு மாத வட்டி 525, அதன்மேலும் ஜி.எஸ்.டி. உண்டு, ஆக 619 ரூபாய் 50 பைசா. நான்கு மாதக் கேஷ்பேக் போயிற்று. தாமதக் கட்டணம் தனி. அன்றியும் அந்த வட்டி கெடுத் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே கணக்காகும். பழைய பாக்கி தீரும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையா.

மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துச் செய்துவிட்டது. ஆக, இந்த வட்டிக்கு வரம்பு கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சாகியிருக்கும். வழக்கமாக மொத்தத்தில் ஐந்து சதவீத அளவில் இருக்கும். 15,000 ரூபாய் பில்லுக்கு 750 கட்டினால் போதும் என்று அது நம்மை அழைக்கிறது. கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்பவர்கள், 'மொத்தத் தொகை' என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்க்க வேண்டும். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தச் சலுகை கட்டணத்துக்கு மட்டும்தான். வட்டியிலிருந்து அது நம்மைக் காப்பாற்றாது.

சபுரில் இருப்பவர் பெயரில் கார்டும், ஊரில் வீட்டாரிடம் அதன் துணைக் கார்டும் இருக்கும் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பில்லும் ஓ.டி.பி.யும் அவருடைய இந்திய நம்பருக்கு வரும். அந்த சிம் அணைந்து கிடக்கும். கெடு தாண்டியதே இரு தரப்பாருக்கும் தெரியாது. பில் இமெயிலிலும் வர ஏற்பாடு செய்து, வீட்டில் ஒருவர் ஒரு நோட்டில் தேதிவாரியாகச் செலவை எழுதி வருவது உத்தமம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது என்பது நாம் அறிந்ததே. கார்டில் வாங்குவதும் கடன்தானே!

இந்த ஒழுங்கு வந்துவிட்டால் லாபம் பார்ப்பது எளிது. பில் தயாராகும் தேதி ஐந்து, கெடு இருபத்தைந்து என்றால், ஆறாம் தேதி வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் அவகாசம் கிடைக்கும். நாலாம் தேதி வாங்கியதற்கு மூன்று வாரம்தான். பெரிய சாமான்களை ஐந்தாம் தேதிக்குப் பின் வாங்கலாம். ஊருக்குப் பணம் வரும் நாளுக்கு ஒத்துவராவிட்டால் பில் தேதியை மாற்றித் தரக் கேட்கும் உரிமையும் உண்டு.

எந்தக் கார்டு என்பது அவரவர் செலவைப் பொறுத்தது. அறந்தாங்கிக் கடைவீதியில் வாங்குபவருக்கு, இணையத்தில் மட்டும் ஐந்து சதவீதம் தரும் கார்டால் பயன் சொற்பமே. அன்றியும் நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும். எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனம் 2022இல் வெளியிட்ட கேஷ்பேக் கார்டில், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று இருந்த வரம்பு, 2023 மே மாதத்திலேயே 5,000 ஆகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல், வீட்டு வாடகை, நகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பல கார்டுகள் ஒன்றும் தருவதில்லை. கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பது அறவே வேண்டாம். அதற்கு அன்றே வட்டி தொடங்கிவிடும்.

நம் ஊர்ச் சிறு கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரம் இல்லாவிட்டாலும், 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைத்து க்யூ.ஆர். அட்டையில் செலுத்தும் வசதி வந்துள்ளது. கடைக்காரர் தம் சொந்தக் கணக்கின் க்யூ.ஆர். வைத்திருந்தால் செல்லாது, வியாபாரக் கணக்காக இருக்க வேண்டும். பெரிய கடைகளில் கார்டென்றால் இரண்டு சதவீதம் கூடுதல் கேட்பார்கள். அங்கே ஒரு சதவீதக் கேஷ்பேக்கை நம்பி நீட்டினால் கைநஷ்டம்தான். ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேட்டுவிட வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று சொல்லிப் பேரம் முடியும்போதே ஒன்றை முடிவு செய்துகொள்வது மார்க்கத்தில் கூடும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்திலும் விழிப்பு வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் பேங்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பொருளின் விலையில் தள்ளுபடி காட்டி, அதே தொகையை வட்டியாகப் பில்லில் எழுதுவதே பெரும்பாலும் நடைமுறை. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் நம் தலையில் விழும். வட்டி என்று பெயர் எழுதி நம் கையால் கட்டப்படும் இதைக் கேஷ்பேக்கோடு சேர்த்து எண்ண முடியாது.

ஜகாத் கணக்கில், கையில் வந்து சேர்ந்த கேஷ்பேக் மற்றப் பணத்தைப் போன்றதே. கட்டாத கார்டு பாக்கியைக் கழிக்கலாமா என்பதில் ஹனஃபீ, ஷாஃபியீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபீயில் கடனைக் கழித்த பின்னரே ஜகாத். ஷாஃபியீயில் கடன் ஜகாத்தைத் தடுப்பதில்லை.

கார்டு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அதை அலமாரியில் போட்டு வைக்கக் கூடாது. ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பாக்கி முழுவதையும் கட்டி, மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் பேங்க் மூட வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. எழுதிக் கொடுக்கும் முன், சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.