பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டுடாதே, தங்கச்சி

போன்ல நீ கேட்டப்ப அவசரமா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வச்சுட்டேன். மணிவிழா பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க ஒரு குடும்பம் கடை வாசல்ல நின்னுட்டிருந்தது. முகூர்த்த நாள்ல திருக்கடையூர் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா? இப்ப கடை ஓய்ஞ்சிருக்கு, நிதானமா எழுதறேன்.

நீ கேட்டது இதுதானே: ப்ளஸ் டூல அரசாங்கம் குடுத்த லேப்டாப், விண்டோஸ் 10-க்கு ஆயுசு முடிஞ்சதுங்கறாங்க, 11 அதுல ஏறாதுங்கறாங்க, எடைக்குப் போட்டுட்டுத் தவணையில புதுசு வாங்கிடவா? வேண்டாம். கடையில மூணு கம்ப்யூட்டர் வச்சு, ரெண்டுல விண்டோஸ், ஒண்ணுல லினக்ஸ் மிண்ட்னு தினமும் ஓட்டறவ நான். நான் சொல்றதை ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணு.

முதல்ல அந்தப் பயம். 2015-ல வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான அப்டேட் நின்னுபோச்சு. லேப்டாப் நின்னுபோகாது, ஓடும். ஆனா புதுசா ஒரு ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆள் வராது. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷினை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒரு நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு, செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா அதுக்குக் காசு கேட்க மாட்டாங்க. யோசிக்கறதுக்கு அந்த அவகாசம் போதும். 11 ஏறாததுக்குக் காரணம் உன் லேப்டாப் கெட்டுப்போனது இல்லை. டி.பி.எம். 2.0-ங்கற பாதுகாப்பு வசதி வேணும், பிராசஸர் இன்ன தலைமுறைக்கு மேல இருக்கணும்னு அவங்க ஒரு கோடு போட்டிருக்காங்க, உன்னுது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது. அவ்வளவுதான்.

இப்ப ஒரு நோட்டை எடு. ஒரு வாரம் அந்த லேப்டாப்ல என்னென்ன செய்யறேன்னு எழுது. "லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க; உன் நோட்டு என்ன சொல்லுதோ அதுதான் உனக்குப் பதில். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், பட்டா சிட்டா பார்க்கறது, நெட் பேங்கிங், மெயில், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, இதெல்லாம் ப்ரவுசர் வேலை. ப்ரவுசர் இருந்தா எந்த சிஸ்டமும் சரி. லெட்டர் அடிக்கறது, கணக்கு போடறது, வரவு செலவுப் பட்டியல்னா லிப்ரே ஆஃபீஸ் தாராளமா தாங்கும்.

நோட்டுல கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டேலி, ஃபோட்டோஷாப், இல்லேன்னா வானவில் எழுத்துல அடிச்ச பழைய பேஜ்மேக்கர் ஃபைல்னு ஏதாவது வந்தா, அந்த மெஷினை விண்டோஸ்லயே விடு. ஆர்வக்கோளாறுல கடையோட மூணு கம்ப்யூட்டரையும் ஒரே ராத்திரியில மாத்தினவ நான். மறுநாள் காலையில பயிர்க் காப்பீட்டுக்கு விவசாயிங்க வரிசையில நிக்கறாங்க, கைரேகை மெஷின் எழுந்திருக்கவே இல்லை. அதோட டிரைவர் விண்டோஸுக்கு மட்டும்தான் இருந்துது. வயலை விட்டுட்டு வந்தவங்களைத் திருப்பி அனுப்பினதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு கேட்காது. அதனாலதான் ரெண்டு விண்டோஸ், ஒரு லினக்ஸ். பக்கத்துல ஆல்பம் டிசைன் பண்ற ஸ்டுடியோ தம்பி மாறட்டுமான்னு கேட்டப்பவும் வேண்டாம்னுதான் சொன்னேன். அவனோட டெம்ப்ளேட் முழுக்க ஃபோட்டோஷாப்ல இருக்கு. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவங்க ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள ஆல்பம் கையில இருக்கணும். பழகிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

உன் நோட்டுல அப்படி எதுவும் வராதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு மிண்ட் போதும். ஆனா எதையும் தொடறதுக்கு முன்னாடி உன் ஃபோட்டோ, சர்டிஃபிகேட், ரெஸ்யூம் எல்லாத்தையும் வெளியில ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடு. எடுத்ததைத் திறந்தும் பாரு. "டி டிரைவ்ல இருக்கு, அது ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்காதே. நான் அப்படித்தான் நினைச்சேன். இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் முழுசையும் அழிக்கவான்னு கேட்டுது, சி டிரைவைத்தான் கேட்குதுன்னு நினைச்சு சரின்னுட்டேன். சி, டி எல்லாம் ஒரே டிஸ்க்ல போட்ட தடுப்புதானே! அப்பாவோட மணிவிழா ஃபோட்டோ அத்தனையும் அதோட போச்சு. கலசத் தண்ணி தலையில விழும்போது அப்பா கண்ணை மூடிட்டு சிரிச்ச படம் ஒண்ணு மட்டும் சித்தப்பா போன்ல கிடைச்சுது. வீட்டுல மாட்டியிருக்கறது அதுதான்.

காப்பி எடுத்தாச்சா? இப்ப 8 ஜி.பி. பென் டிரைவ் ஒண்ணு வாங்கு. லினக்ஸ் மிண்ட் தளத்துல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கு, பழைய மெஷினுக்கு அதுதான் இலகு. கிட்டத்தட்ட 3 ஜி.பி. வரும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கு. ரூஃபஸ்னு ஒரு சின்ன புரோகிராம் அதை பென் டிரைவ்ல எழுதிக் குடுக்கும். பென் டிரைவ்ல ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிஞ்சிடும், அதையும் பார்த்துக்கோ. அப்புறம் லேப்டாப்பை ஆன் பண்ணின உடனே எஃப்12-ஐத் தட்டிக்கிட்டே இரு. சில கம்பெனி மெஷின்ல எஸ்கேப், சிலதுல எஃப்9. பட்டியல்ல பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தா மிண்ட் அதுலேர்ந்தே ஓடும். உன் டிஸ்க்ல ஒண்ணும் எழுதாது. கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், பென் டிரைவ்லேர்ந்து ஓடுதில்லையா. வைஃபை பிடிக்குதா, ஸ்பீக்கர்ல சத்தம் வருதா, கேமரா வேலை செய்யுதா, மூடித் திறந்தா முழிச்சுக்குதா, இந்த நாலையும் பாரு. ரெண்டு நாள் இப்படியே ஓட்டு. பிடிக்கலேன்னா பென் டிரைவைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணு, பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடிச்சா இன்ஸ்டால் பண்ணு. விண்டோஸையும் பக்கத்துல வச்சுக்கணும்னா, அதை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் பண்ணு. சாதாரணமா நிறுத்தினா அது பாதித் தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்லேர்ந்து அந்த டிரைவ்ல எழுத விடாது.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம். அந்த லேப்டாப்ல பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு ஏற்கெனவே இருந்துது, ஞாபகம் இருக்கா? உன் வகுப்புல பாதிப் பேர் வாங்கின வாரமே அதைத் தூக்கிட்டாங்க. அது சென்னையில மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது, டெபியன்ங்கற லினக்ஸை அடிப்படையா வச்சு, 2007-ல வெளிவந்தது. அதே சமயத்துல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசோட எல்காட் நிறுவனத்துல இருந்தப்ப அங்க இருந்த கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். 2014-ல விண்டோஸ் எக்ஸ்பி நின்னப்ப அரசு அலுவலகங்களை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னாங்க. இவ்வளவும் நம்ம மாநிலத்துல நடந்தது. ஆனா லேப்டாப்பைக் கையில குடுத்தவங்க, அதுல தமிழ்ல ஒரு லெட்டர் அடிக்கறது எப்படின்னு யாருக்கும் உட்கார வச்சுச் சொல்லித்தரலை. கேரளாவுல பள்ளிக்கூட கம்ப்யூட்டர் பாடத்தையே லினக்ஸ்ல நடத்தறாங்க, அதுக்கு வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. நம்ம பிள்ளைங்க அதைத் தூக்கினதுக்கு நான் பிள்ளைங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"சும்மா கிடைக்கறது எப்படி நல்லா இருக்கும்?"னு உன் வீட்டுக்காரர் கேட்டாராமே. அவருக்கு இதைச் சொல்லு. தமிழ்ல இதுக்குக் கட்டற்ற மென்பொருள்னு பேர். இலவசம்ங்கறது வேற, கட்டற்றதுங்கறது வேற. எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போட்டுக்கலாம், உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். லினக்ஸுக்கு இருக்குற உரிமத்துல இன்னொரு நிபந்தனை: மாத்தி அடுத்தவங்களுக்குக் குடுத்தா, நீ மாத்தினதையும் அதே உரிமையோட குடுக்கணும். டெல்டாவுல இது புரியாதவங்க உண்டா? திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல நெல் ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய விதை குடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் குடுங்கன்னு சொன்னார். அப்படிக் கைமாறித்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் திரும்ப நம்ம வயலுக்கு வந்துது. அந்த விதையை யாரும் மட்டம்னு சொல்லலையே.

"லினக்ஸ்ல வைரஸே வராது"ன்னு யாராவது சொன்னா அதையும் முழுசா நம்பாதே. ரொம்பக் குறைவு, அது நிஜம். ஆனா ஓ.டி.பி.யை நீயே போன்ல சொல்லிட்டா எந்த சிஸ்டமும் காப்பாத்தாது. இன்னொண்ணு, விண்டோஸ்லயே இருக்கறதுன்னு முடிவு பண்ணினா கிராக் போட்டுத் தர்ற ஆள்கிட்ட போகாதே. கடைக்கு வந்த ஒரு அக்காவோட லேப்டாப்ல ஆன்டிவைரஸை நிறுத்திட்டுத்தான் கிராக்கை ஏத்தியிருந்தாங்க. ப்ரவுசரைத் திறந்தா கேட்காத பக்கமெல்லாம் வருது, அந்த அக்கா அதுலதான் நகைக்கடன் வட்டி கட்டறாங்க. உன் லேப்டாப்போட ஒரிஜினல் லைசென்ஸே வந்திருக்கு, ரீசெட் பண்ணினாலே தானா ஆக்டிவேட் ஆயிடும்.

தமிழ் டைப்பிங்குக்கு வர்றேன், நீ ரொம்பத் தயங்கறது இதுலதான். தமிழ் 99 கத்துக்கோ. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏத்துக்கிட்ட தட்டச்சு முறை. இடது கையில உயிர், வலது கையில மெய். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே எழுத்தை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். 'ங' அடிச்சு 'க' அடிச்சா 'ங்க', 'ன' அடிச்சு 'ற' அடிச்சா 'ன்ற'. திருக்கடையூர்னு அடிக்கப் பன்னெண்டு தட்டுதான், எண்ணிப் பாரு. ஆங்கிலத்துல அடிச்சுத் தமிழாக்கினா இதைவிடக் கூடத்தான் வரும். பதினஞ்சு நாள், தினம் அரை மணி நேரம். விரல் தானா போகும்.

மிண்ட்ல கீபோர்டு செட்டிங்ஸ்லயே தமிழ்நெட் 99 இருக்கும். அதைப் போட்டுட்டு "புள்ளி தானா விழலையே"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. அந்த கீபோர்டு ஒவ்வொரு எழுத்தா மட்டும்தான் பார்க்கும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ் எம்17என்-னு தேடி ஏத்து, ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ், தமிழ் 99-ஐச் சேர்த்துக்கோ. அப்பத்தான் புள்ளி வேலை செய்யும். விண்டோஸ் 11-லயும் தமிழ் 99 இருக்கு, அதனால எங்க போனாலும் இந்தப் பழக்கம் உதவும். வானவில், பாமினி மாதிரி எழுத்துகள்ல இனிமே புதுசா எதையும் அடிக்காதே. யூனிகோடுல அடிச்சாத்தான் நாளைக்கு வேற மெஷின்லயும் போன்லயும் படிக்க முடியும்.

லிப்ரே ஆஃபீஸ்ல அடிச்சதை ப்ரின்ட் போட வெளியில குடுக்கும்போது பி.டி.எஃப்.-ஆ மாத்திக் குடு. உன் மெஷின்ல நோட்டோ எழுத்து, கடைக்காரர் மெஷின்ல நிர்மலா எழுத்துன்னு இருந்தா வரி இடம் மாறி ஒரு பக்கம் ஒண்ணரைப் பக்கம் ஆயிடும். பிரிண்டர் வாங்கறதா இருந்தா, லினக்ஸ்ல ஓடுமான்னு மாடல் நம்பரை வச்சுத் தேடிப் பார்த்துட்டு வாங்கு. கடைகள்ல இருக்குற சில சின்ன லேசர் பிரிண்டர் ரொம்பப் படுத்தும்.

கையில கொஞ்சம் காசு இருந்தா புது லேப்டாப்புக்குப் போடாம ஒரு எஸ்.எஸ்.டி.க்குப் போடு. சுத்தற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டினா நீ நம்ப மாட்டே, அதே லேப்டாப்பான்னு கேட்பே. ரேம் 4 ஜி.பி. இருந்தா மிண்டுக்குப் போதும். மாட்டறப்பவே உள்ள ஃபேனைத் துடைக்கச் சொல்லு. தரங்கம்பாடிக் காத்து நம்ம ஊர் வரைக்கும் உப்பைக் கொண்டாந்து போடுது.

ஏதாவது சிக்கினா கணியம் இதழைப் பாரு, 2012-லேர்ந்து தமிழ்லயே எழுதறாங்க. விழுப்புரத்துல ஒரு லினக்ஸ் குழு இருக்கு, சென்னையில 90-கள் கடைசியிலேர்ந்து ஒண்ணு இருக்கு. தெரியாதுன்னு கேட்டா அலுத்துக்க மாட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இல்லை, ரெண்டு மணிக்குக் கடையை அடைச்சுடுவேன். சாப்பாடு இங்கதான். லேப்டாப்பையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துட்டு வா; மிண்ட் போட்ட பென் டிரைவ் என்கிட்ட இருக்கு. சார்ஜரை மறந்துடாதே, உன்னோட பின் இங்க யார்கிட்டயும் இல்லை.