வாய்ப்பேச்சும் கடதாசியும்: ஓர் இசைத்தட்டுக் கம்பனியின் கணக்கு

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள 'சப் பொப்' என்ற றொக் இசைத்தட்டுக் கம்பனி. "றொக் இசைக்கும் எமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். நான் பார்ப்பது பாட்டை அல்ல, அவர்களது பேரேட்டை.

1980ல் ஒலிம்பியா என்ற சிற்றூரில் மாணவராக இருந்த புரூஸ் பெவிற், பெரிய கம்பனிகள் கவனிக்காத உள்ளூர் இசைக் குழுக்களைப் பற்றி ஒரு சிறு சஞ்சிகை வெளியிட்டார். பின்னர் சில இதழ்களுக்குப் பதிலாகப் பாட்டு கெசட்டுகளையே விற்றார். அதில் ஒன்று இரண்டாயிரம் பிரதிகள் போயின. சரக்கு இறக்குவதற்கு முன்பே வாடிக்கையாளரைத் தேடிக்கொண்ட மனிதர் இவர்.

சியாட்டிலுக்கு வந்த பின் ஜொனதன் பொன்மன் என்பவர் 20,000 டொலருடன் வந்து சேர்ந்தார். 1987ல் சவுண்ட்கார்டன் குழுவின் இசைத்தட்டு வெளியானது அந்தப் பணத்தில்தான். 1988 ஏப்ரல் முதலாம் திகதி இருவரும் முழுநேரமாகக் கம்பனி திறந்தனர். திரட்டிய முதல் 43,000 டொலர். அது ஒரு மாதத்திலேயே கரைந்தது.  புதுக் கடை திறந்த முதல் மாதத்தை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இது புதினமல்ல.

காசு இல்லாதவன் என்ன செய்வான்? இவர்கள் வாடிக்கையாளரிடமே முற்பணம் வாங்கினார்கள். மாதம் ஒரு சிறு இசைத்தட்டு தபாலில் வரும், சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும். 1988 நவம்பரில் முதல் தட்டு வந்தது. ஆயிரம் பிரதிகள் மாத்திரம், ஒவ்வொன்றிலும் கையால் இலக்கமிட்டார்கள். பாடியது நிர்வாணா என்ற, அப்போது யாரும் அறியாத குழு. கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்தால் காசு கைக்கு வர மாதக்கணக்காகும். இங்கோ சரக்கு அச்சாகுமுன் காசு பெட்டியில். அளவைக் குறைத்ததால் ஆசையும் கூடியது.

விளம்பரத்திலும் ஒரு துணிச்சல். 1989ல் லண்டன் 'மெலடி மேக்கர்' சஞ்சிகையின் எழுத்தாளர் எவரெட் ட்ரூவைத் தம் செலவில் விமானத்தில் வரவழைத்தனர். அவர் எழுதியது இங்கிலாந்தில் பேச்சாகி, அந்தப் பேச்சு அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. சொந்த ஊரில் விலைபோகாத சரக்கு, வெளியூர் முத்திரை பட்டதும் ஏறுவதை நாமும் காண்கிறோம்தானே.

இனித்தான் முக்கியமான இடம். அதுவரை அவர்களது தொழில் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1989ல் கேட்டது முதலாளிகள் அல்ல, நிர்வாணா குழுவினர். கேட்டதற்காக எழுதிக் கொடுத்தார்கள். 606 டொலர் 17 சதத்தில் பதிவான அக்குழுவின் முதல் தட்டும் அவ்வருடமே வந்தது.

1991ல் கம்பனி மூழ்கும் நிலை. கொடுக்குமதி நிறைந்து, ஊழியரில் அநேகரை நிறுத்த வேண்டியதாயிற்று. இதற்குள் நிர்வாணாவைப் பெரிய கம்பனியான கெஃபன் கேட்டு வந்தது. எழுத்து இருந்ததால் சும்மா கூட்டிப்போக முடியவில்லை. 75,000 டொலரும், அடுத்த தட்டுகளின் விற்பனையில் ஒரு வீதமும் சப் பொப்புக்குக் கொடுக்க இணங்கினர். அவ்வருடம் செப்டெம்பரில் வந்த தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அந்தச் சிறு வீதமே கம்பனியை நிமிர்த்தியது.

எனக்கும் ஒரு கதை உண்டு. புடைவை வியாபாரத்தில் ஒரு பங்காளியுடன் "நமக்குள் கடதாசி எதற்கு" என்று தொடங்கினேன். பிரியும்போது யாருக்கு எவ்வளவு என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்கவில்லை. இரண்டு வருட உழைப்பு அப்படியே போயிற்று.

1995ல் சப் பொப்பின் 49 வீதத்தை வோர்னர் வாங்கியது. 2 கோடி டொலர் அளவில் என்று சொல்லப்பட்டது. கை நிறைந்ததும் வெளியூர்க் கிளைகள், பெருஞ்செலவு என்று போய், மீண்டும் சியாட்டிலுக்கே ஒடுங்கினார்கள். பெவிற் 1996ல் விலகினார். பெரும்பான்மைப் பங்கை விற்காததால் தீர்மானம் பொன்மன் பக்கமே நின்றது. 2003ல் போஸ்டல் சேர்விஸ் என்ற சிறு குழுவின் தட்டு, ஆரவாரமின்றி வந்து வருடக்கணக்கில் விற்று, பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2014ல் சியாட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு கடையும் திறந்தார்கள்.