பழைய போனில் புது சிம் வேலை செய்யுமா?

எங்கள் ஆச்சி தனியாக இருக்கிறார். ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட அவரிடம் இருப்பது நோக்கியா 1100, 2003-ல் வந்த மாடல். டச் போன் கொடுத்தால் "எனக்கு பட்டன்தாம்ப்பா சரி" என்கிறார். அதில் புது சிம் போடலாமா என்று பார்த்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அளவு பெரிய பிரச்சினையே இல்லை. பழைய சிம் 25 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம். நானோ சிம் 12.3-க்கு 8.8. பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துப் போட்டால் சரியாக உட்காரும். வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளிடாதீங்க, கம்பி மாட்டி வளைஞ்சிடும்.

ஆனாலும் சில சிம்முக்கு சிக்னலே வராது. ஏன்? சிம் என்பது நம்ம அடையாள அட்டை மாதிரி. நாம் யார் என்று சொல்லும் ரகசியச் சாவி அதில் இருக்கிறது. டவரோடு பேசுவது போன்தான். 1100-க்கு 2ஜி மட்டுமே தெரியும். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி டவரே கிடையாது. பேச்சும் 2ஜியில் போகாது. அதனால் அந்த சிம் இதில் சும்மா கிடக்கும். ஏர்டெல் 2ஜியையும் வைத்திருப்பதால் அதன் 4ஜி சிம் போட்டாலும் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம்.

சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜியை நிறுத்திட்டாங்க. அங்கே கொண்டுபோனால் ஆச்சி போனில் டார்ச் மட்டும்தான் எரியும்! இங்கேயும் நிறுத்தினால் 4ஜி பட்டன் போன்தான் வாங்கணும். நல்லவேளை, அதுவும் கடையில் கிடைக்குது.