கடுகு ஒத்துக்கொள்ளவில்லை

மும்பை மான்குர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் பத்து வயதில் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தயிர்ச்சோறும் ஆவக்காய் ஊறுகாயும் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் உதடு அரித்தது. கழுத்தில் காணாக்கடி போலத் தடித்தது.

"ஊறுகாய் சூடு. மோர் குடிக்கச் சொல்லு" என்றாள் ஆச்சி.

நாலு நாள் கழிந்தது. பக்கத்து வீட்டு பீகார்க்காரப் பெண் மீன் குழம்பு கொடுத்தாள். அதைத் தின்றதும் மறுபடி தடிப்பு.

"என்ன சாப்பிட்டாள்? எவ்வளவு நேரம் கழித்து வந்தது?" என்று டாக்டர் கேட்டார். அம்மாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா எழுதக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. அன்று இரவே மகளின் பழைய நோட்டை எடுத்தாள். யோசித்து யோசித்து எழுதினாள்.

ஞாயிறு. ஆவக்காய். 15 நிமிடம். உதடு அரிப்பு.
வியாழன். மீன் குழம்பு. 10 நிமிடம். தடிப்பு.

வீட்டில் வைக்கும் மீன் குழம்பு அவளை ஒன்றும் செய்வதில்லை. மாங்காயும் செய்வதில்லை. அப்படியானால் இரண்டிலும் இருந்தது எது? அரைத்த கடுகு! சட்னியில் கிடக்கும் கடுகை அவள் எப்போதும் ஒதுக்கிவிடுவாள். அரைத்த கடுகை எப்படி ஒதுக்குவது?

நோட்டைப் பார்த்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கையில் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் வீங்கியது. நோட்டில் எழுதியிருந்ததும் இந்தச் சோதனையும் ஒத்துப்போயின.

இது சூடு அல்ல, ஒவ்வாமை. மிளகாய் காரம் எல்லோருக்கும் எரியும், பிறகு அடங்கிவிடும். ஒவ்வாமை வேறு. கடுகில் உள்ள ஒரு புரதத்தை உடம்பு எதிரி என்று தவறாக நினைத்துவிடுகிறது. எண்ணெயில் பொரித்தாலும் அந்தப் புரதம் எளிதில் அழிவதில்லை. ஆகவே தாளித்த கடுகும் ஆகாது. கடுகு எண்ணெயும் வேண்டாம்.

தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை போதும். மூச்சு இரைத்தால், தொண்டை அடைத்தால், நாக்கு வீங்கினால், தலை சுற்றினால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். அல்லது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. மோரும் கை வைத்தியமும் அந்த வேலையைச் செய்யாது.

பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். மராத்தியில் மோஹரி, இந்தியில் ராயி அல்லது சர்சோ, ஆங்கிலத்தில் மஸ்டர்டு. எல்லாம் கடுகுதான். ஐரோப்பிய நாடுகளில் பாக்கெட் உணவில் கடுகு இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். நம் நாட்டில் 2020-ல் வந்த ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் கடுகு இல்லை. வெறும் 'மசாலா' என்று போட்டிருந்தால், உள்ளே கடுகு இருக்கலாம்.

ஆச்சிக்குத்தான் மனம் ஆறவில்லை. "கடுகு இல்லாமல் என்ன சட்னி?" என்றாள். மறுநாள் காலை, தாளிப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் சட்னியைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். வேறு கரண்டியில் சீரகமும் உளுத்தம்பருப்பும் தாளித்து அதில் கொட்டினாள். பேத்தி இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றாள்.