முதலில் மோவாய், பிறகு கயிறு

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவைப் பழகுகிறவர்களிடம் கவசத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், புகார் பெரும்பாலும் தலைக்கவசத்தின் மேல்தான் வரும். நெற்றி வலிக்கிறது, காது மடங்குகிறது, மோவாய் உரசிப் புண்ணாகிறது, பாதிப் பயிற்சியிலேயே கவசம் கீழே இறங்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டே மருந்துகள் சொல்லப்படுகின்றன: கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டு, அல்லது பொறுத்துக்கொள், போகப்போகப் பழகிவிடும். இரண்டும் கோளாறைத் தவறான இடத்தில் தேடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஜப்பானியர் ‘மென்’ என்று அழைக்கும் இந்தக் கவசம் தலையில் சரியாக உட்காருகிறதா என்பதை மோவாயும் கண்மட்டமும் தீர்மானிக்கின்றன. சரியாக உட்கார்ந்ததை அசையாமல் பிடித்து வைப்பதோடு கயிற்றின் வேலை முடிந்தது. உட்காராததை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் உட்காரவைக்க முடியாது.

கவசத்தின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் விளங்கும். 1711 முதல் 1715 வரையிலான ஷோதோகு காலத்தில் நாகானுமா ஷிரோஸாஎமோன் குனிசாதோ கவசங்களைச் சீர்செய்து, மூங்கில் வாளால் பழகும் முறையை நிலைநாட்டினார். அதன்பின் 1751 முதல் 1764 வரையிலான ஹோரெகி காலத்தில் இத்தோ மரபைச் சேர்ந்த நாகானிஷி சூஸோ இரும்புத் தலைக்கவசத்தோடு பயிற்சி தரத் தொடங்கினார். இன்று இரும்புக்குப் பதில் டைட்டானியமும் டியூராலுமினும் வந்துவிட்டன. ஆனால் முகத்துக்கு முன்னால் ஓர் உலோகக் கம்பிக்கூடு, உச்சியிலிருந்து தோள்வரை அடுக்கித் தைத்த தடித்த துணி என்ற ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. கம்பிக்கூட்டின் உள்விளிம்பில் ஓடும் மெத்தை வளையத்தை ‘உச்சிவா’ என்கிறார்கள். நெற்றி, கன்னங்கள், மோவாய் எல்லாம் அந்த வளையத்தில்தான் பதிகின்றன. ஆக, அணிகிறவருக்கு ஏற்றபடி நெகிழ்ந்து கொடுக்கும் துணியும், எத்தனை வருடமானாலும் வளையாத உலோகமும் ஒரே பொருளில் இருக்கின்றன. வலி எந்தப் பகுதியால் வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த வைத்தியமும் பாதிக்குப் பாதி பொய்த்துத்தான் போகும்.

பெரியவர்களின் கம்பிக்கூட்டில் வழக்கமாக 14 குறுக்குக் கம்பிகள் இருக்கும். மேலிருந்து எண்ணினால் 6-ஆவது கம்பிக்கும் 7-ஆவது கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி மற்றவற்றைவிடச் சற்று அகலம். அதற்கு ‘மொனோமி’ என்று பெயர். கண்கள் அதன் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். பொருத்தம் பார்க்கும்போது கயிற்றைக் கட்டாமலே, மோவாயை உள்வளையத்தின் அடிப்பகுதியில் நன்றாகப் பதித்து, அதன்பின் நெற்றியை மேல்பகுதியில் சாய்த்து, கண்ணாடியில் நேராகப் பாருங்கள். கண் மொனோமிக்கு நேரே இருந்தால் அளவு சரி. கண் அதற்கு மேலே இருந்தால், எதிரில் நிற்பவரை அந்த இடைவெளி வழியே பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். மோவாய் தூக்கியதும் கழுத்துப் பின்னால் மடங்கி, தொண்டைக் காப்பு இடம்மாறி, தொண்டைக்கு வரும் குத்து படக்கூடாத இடத்தில் படும். கண் கீழே இருந்தால் தலையைக் குனிந்தே நிற்க நேரும், தோள் இறுகும். எதிராளியின் வாள்முனையை மட்டும் வெறிக்காமல், தூரத்து மலையைப் பார்ப்பதுபோல முழு உருவத்தையும் பார்க்கச் சொல்கிறது கெண்டோ. கண்மட்டம் பிசகிய கவசத்துக்குள் இருப்பவருக்கு அந்தப் பார்வை எட்டாக்கனிதான். பயிற்சியாளர் நிற்கும் முறையைத் திருத்திக்கொண்டே இருப்பார், கோளாறோ கம்பிக்கூட்டில் இருக்கும்.

புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், நாலு நாளில் சரியாகிவிடும் என்பதுபோல இதற்கும் ஒரு மறுமொழி உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுக் கவசத்தின் தோள்மடல்கள் பலகைபோல விறைத்து நிற்கும். பக்கங்களைக் கையால் மடித்து மடித்துப் பழக்கினால் இளகும். உள்வளையத்தின் பருத்தித் துணியும் நிரப்பியிருக்கும் மெத்தையும் வியர்வையிலும் உடல்சூட்டிலும் முகத்தின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும். கன்னத்தில் பரவலாக ஒரே சீராக இருக்கும் அழுத்தம் இந்த வகை, அதைக் காலம் தீர்க்கும். ஆனால் ஒரே புள்ளியில் குத்துகிற வலி, மோவாய் வளையத்துக்கு வெளியே வழுக்கி நிற்பது, கண்மட்டம் ஒரு கம்பி அளவுக்குத் தள்ளியிருப்பது ஆகியவை உலோகத்தின் அளவால் வருபவை. இவை பழகப்பழகக் குறையா. அணிகிறவர்தான் மெல்ல மெல்லக் கழுத்தைக் கோணலாக வைக்கப் பழகிக்கொள்வார். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளும்வரை பொறுத்திருக்கச் சொல்வது நியாயம். தெரிந்த பிறகும் பொறு என்பது நியாயமில்லை.

இறுக்கமாகக் கட்டினால்தானே பாதுகாப்பு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். தளர்வான கவசம் ஆபத்து என்பதில் மறுப்பில்லை. ஆனால் கயிறு எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். கிழக்கு ஜப்பானிய முறையில், கீழிருந்து 4-ஆவது கம்பியில் மாட்டிய தோல்வளையங்களில் தொடங்கும் கயிறு பின்மண்டையைச் சுற்றி, கம்பிக்கூட்டின் உச்சிக்கு வந்து, மறுபடி பின்னால் போய் முடிகிறது. அதிகப்படியாக இழுத்தால் அந்த விசை முழுவதும் நெற்றியிலும் மோவாயிலும் போய்ச் சேரும். உச்சந்தலையில் விழும் அடியைத் தாங்குவது தைத்த துணியின் கனம். கயிற்றை இறுக்குவதால் அந்தக் கனம் ஒரு நூலளவும் கூடப்போவதில்லை. மாறாக, தலைவலிதான் கூடும். சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், தொப்பி, ஹெல்மெட் போன்றவை தலையை அழுத்துவதால் வரும் தலைவலிக்குத் தனி இடமே இருக்கிறது. அழுத்தம் தொடங்கி 1 மணி நேரத்துக்குள் வரும், அழுத்துகிற இடத்திலேயே அதிகம் வலிக்கும், கழற்றிய 1 மணி நேரத்துக்குள் போய்விடும். பயிற்சி முடிந்து கவசத்தைக் கழற்றியதும் விட்டுவிடும் நெற்றிவலி இந்த விவரிப்போடு பொருந்துகிறது. கழற்றி வெகுநேரமாகியும் விடாத தலைவலி வேறு கதை, குறிப்பாக அடிபட்ட பிறகு வந்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கயிற்றில் கவனிக்க வேண்டியது அதன் பாதை. இழைகள் முறுக்கிக்கொள்ளாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இணையாக ஓட வேண்டும். முடிச்சு பின்னால் கண் உயரத்தில் அமைய வேண்டும். எல்லா இழையும் பின்மண்டை மேட்டுக்கு மேலேயே ஓடினால் பிடிமானம் இருக்காது, கவசம் முன்னால் சரியும். முடிச்சிலிருந்து தொங்கும் நுனிகள் 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. கட்டி முடித்ததும் பலர் விட்டுவிடும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: இரண்டு கைகளாலும் காதுக்கு நேரே உள்ள துணியைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துவிடுங்கள். மடங்கிய காது நிமிரும். அதைவிட முக்கியமாக, காதோடு துணி ஒட்டியிருக்கும்போது பக்கவாட்டில் அடி விழுந்தால் உள்ளே சிக்கிய காற்று செவிப்பறையைத் தாக்கிக் கிழித்துவிடக்கூடும். அந்தச் சிறு இடைவெளி அதைத் தடுக்கிறது. எப்படி இறுக்கிக் கட்டுவது என்று காட்டுவதோடு நிறுத்தாமல், இதையும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும்.

நெற்றிவலிக்குக் கவசத்தைக் குறைசொல்லும் முன் அதன் கீழே இருக்கும் துணியையும் பாருங்கள். ‘தெனுகுய்’ எனும் மெல்லிய பருத்தித் துண்டு, ஏறக்குறைய 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம். புருவத்துக்கு மேலே அதில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் கவசத்தின் முழு அழுத்தமும் அந்தச் சுருக்கத்தில் வந்து நிற்கும். செருகிய நுனி நெற்றி நடுவில் மொத்தமாகச் சேர்ந்தால் இன்னும் மோசம். கட்டியபின் விரலை நெற்றியில் ஓட்டி மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஒரு நொடி போதும்.

பஞ்சு அட்டை வைத்துச் சரிசெய்யலாமே என்பது அடுத்த யோசனை. கடைகளில் மோவாய்க்கும் நெற்றிக்கும் தனித்தனி மெத்தைகள் கிடைக்கின்றன, நான் அவற்றுக்கு எதிரி அல்ல. ஆனால் மோவாய் மெத்தை உரசலை மட்டும் போக்குவதில்லை. அதன் கனம் எவ்வளவோ அவ்வளவுக்கு முகத்தையே மேலே தூக்குகிறது. கண் மொனோமிக்குக் கீழே இருப்பவருக்கு அது அருமையான தீர்வு. கண் ஏற்கெனவே சரியான இடத்தில் இருப்பவர் உரசலுக்காக அதை வைத்தால், கண் மேலேறிவிடும். அவருக்கு மெல்லிய துணி ஒன்றை மடித்து வைப்பதே மேல். மொத்தத்தில் சற்றுப் பெரிய கவசத்தை மெத்தையால் நிரப்பலாம், சிறிய கவசத்தை எதனாலும் பெரிதாக்க முடியாது. உள்வளையம் அமுங்கி உளுத்துப்போயிருந்தால், அதை மட்டும் மாற்றித்தரும் கைவினைஞர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். புதிதாக வாங்குவதற்கு முன் அதை விசாரிப்பது நல்லது.

வலியைத் தாங்குவதும் பயிற்சியில் அடங்கும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். குளிர்காலத்து அதிகாலைப் பயிற்சியில் வெறுங்காலோடு நிற்பதற்கும், மூச்சுமுட்டும் வரை அடித்துப் பழகுவதற்கும் அது பொருந்தும். அங்கே சிரமம் எதையோ கற்றுத்தருகிறது. மோவாயில் ஆறாத புண் கற்றுத்தருவது ஒன்றுமில்லை, அடிக்கும் நொடியில் கவனத்தைத் திருடுவதைத் தவிர. அடிக்கும்போது உரக்கக் குரல் கொடுப்பதும் புள்ளி பெறுவதற்கான நிபந்தனைகளில் சேர்த்தி. வாயைத் திறக்க விடாத கவசம் அந்தக் குரலையே நெரிக்கிறது. எனவே பொருத்தம் பார்க்கும்போது உரக்கக் கத்திப் பார்ப்பதும் ஒரு சோதனை. கத்தும்போது மோவாய் வளையத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

பெருந்தொற்றால் நின்றிருந்த பயிற்சியை 2020-இல் மீண்டும் தொடங்கியபோது கவசத்துக்குள் முகக்கவசம் அணியும் வழக்கம் வந்தது. அதை இன்னும் தொடர்கிறவர்கள் அதை அணிந்தபடியே அளவு பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஜப்பானுக்கு வெளியிலிருந்து தபாலில் வாங்குகிறவர்களிடம் வழக்கமாக இரண்டு அளவுகள் கேட்பார்கள்: நெற்றியைச் சுற்றிய தலையளவு, மோவாய்க்கு அடியிலிருந்து காதோரமாக உச்சிவரை போய்த் திரும்பும் முகச் சுற்றளவு. இரண்டாவதை அளக்கும்போது நாடாவைத் தளர விடாதீர்கள், வாயை மூடி அளங்கள். ஒரே தலையளவு உள்ள இருவருக்கு முகநீளம் வேறுபடும் என்பதால், முதல் அளவை மட்டும் வைத்து வாங்கினால் மோவாய் அல்லது நெற்றி ஒன்று ஏமாற்றும். குழந்தைகளுக்கு அண்ணன் அக்காவின் கவசத்தைக் கொடுக்கும்போது மோவாய் மெத்தையால் கண்ணை மொனோமிக்கு ஏற்றிவிடலாம். அவர்கள் வளர வளர அந்த மெத்தையை மெலிதாக்கி, ஒரு கட்டத்தில் எடுத்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கயிற்றைக் கட்டும் முன் கண்ணாடி முன்னால் நிறுத்தி, மேலிருந்து கம்பிகளை எண்ணிப் பாருங்கள்.