வண்டி எப்போது சூடாகிறது?

மேல்மலையனூரில் அமாவாசை இரவு என்றால் செஞ்சிப் பக்கமிருந்து வளத்தி வழியாக வரும் சாலையும் அவலூர்ப்பேட்டைச் சாலையும் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நடப்பது நள்ளிரவில். சிறப்புப் பேருந்து, வேன், ஆட்டோ என ஊர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்குள் காலி லாரி ஒன்று தெரியாமல் நுழைந்துவிட்டால், முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவில் மாற்றி மாற்றியே பொழுது விடிந்துவிடும். அந்த நேரத்தில் ஹீட் முள் சிவப்பை நோக்கி ஏறினால் டிரைவர் எதைக் குறை சொல்வார்? வெயில் இல்லை, லோடு இல்லை, ஏற்றமும் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஸ்பேனரைத் தொடாமலே பதில் சொல்லத் தெரிந்த பையன்தான் பட்டறையில் சீக்கிரம் மேலே வருவான். விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் லாரி வேலைக்குப் பஞ்சமில்லை: நெல், கரும்பு, மரக்காணம் உப்பு, வானூர்ப் பக்கத்து ஜல்லி, இவை போக சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஓடுகிற அத்தனையும். ஆனால் ஹீட் புகாரோடு வரும் வண்டிக்குப் பல இடங்களில் நடக்கும் வைத்தியம் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்று, ரேடியேட்டரை இறக்கு, அதற்கும் அடங்காவிட்டால் ஹெட் பேக்கிங். ஓனரின் பணம் மூன்று தவணையாகக் கரைந்த பிறகும் முள் இறங்காது.

முதலில் டிரைவரிடம் பேசுங்கள். "அண்ணே, ஏத்தத்துல ஏறுதா, நிக்கும்போது ஏறுதா?" "லோடு இல்லாம வரும்போது?" "காலைல எடுத்த உடனேயா, ரொம்ப நேரம் கழிச்சா?" "தண்ணி குறையுதா? எத்தனை நாளுக்கு ஒருக்கா ஊத்துறீங்க?" இந்த நான்கு கேள்விகளே பாதி வேலையை முடித்துவிடும். ஓனரிடம் கேட்காதீர்கள், வண்டியோடு இரவு பகலாகக் கிடப்பவர் டிரைவர்.

ஊரும்போது சூடாகி, வேகமெடுத்தால் முள் இறங்குகிறதா? குறை காற்றில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். ஊரும்போது ஃபேன் மட்டும்தான் கதி. பழைய வண்டி என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பளபளவென்று தேய்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இருப்பது விஸ்கஸ் ஃபேன். அதன் கிளட்சுக்குள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய்தான் ஃபேனைப் பிடித்துச் சுற்ற வைக்கிறது. இன்ஜினை அணைத்து, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும். தள்ளிவிட்டதும் தானாகப் பல சுற்றுப் போனால், அல்லது நடுக் கிண்ணத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்தால், கிளட்ச் போய்விட்டது. அமாவாசை நெரிசலில் மாட்டிய அந்தக் காலி லாரியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லோடோடு வேகமாகப் போகும்போதும் ஏற்றத்திலும் மட்டும் சூடானால் கதை வேறு. அப்போது ரேடியேட்டர் வெப்பத்தை விடவில்லை, அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். லோடு ஏறினால் டீசல் கூடும். ரேடியேட்டரில் பாதி அடைத்திருந்தாலும் காலி வண்டியில் தெரியாத குறை அப்போது தெரிந்துவிடும்.

இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டர்போ வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் நிற்கும். திருவக்கரைப் பக்கத்துக் கிரஷர்களில் ஜல்லி ஏற்றும் டிப்பர்களில் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் தூசி சேர்ந்து, எண்ணெய்ப் பசையோடு கலந்து, அட்டை மாதிரி உறைந்துவிடும். அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூள் சேரும். முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் பளிச்சென்று இருக்கும். "ரேடியேட்டர் சுத்தமாத்தான் இருக்குண்ணே" என்று பையன் சொல்வான். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது காற்று வந்த வழிக்கு எதிராக, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய ஃபின்கள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துபோகும்.

உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர்த் தண்ணீர். டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை. வழியில் கிடைத்ததை ஊற்றுகிறார். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். தண்ணீர் படும் லைனர் உள்ள இன்ஜின்களில் இன்னொரு கேடும் உண்டு. லைனர் அதிரும்போது உண்டாகும் நுண்குமிழ்கள் உடைந்து உடைந்து, வெளிச்சுவரில் ஊசி குத்தியதுபோல் பள்ளம் பறிக்கும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்டில் இருக்கிறது. வெறும் தண்ணீரில் இல்லை. தயாரிப்பாளர் சொன்ன கூலன்டை, பொதுவாகச் சரிபாதி அளவில், உப்பு நீக்கிய தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்டைப் பட்டறை வாசலில் விடாதீர்கள். அதிலுள்ள கிளைக்கால் விஷம், ருசியோ இனிப்பு. நாயும் ஆடும் நக்கிக் குடித்துச் சாகும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கினால் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ போய்விட்டால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பும் போச்சு. சில நூறு ரூபாய்ச் சாமானைச் சோதிக்காமல் ஹெட்டை இறக்குகிறவர்களை என்ன சொல்வது! கீழ் ஓஸையும் விட்டுவிடாதீர்கள். இன்ஜினை ரேஸ் செய்யும்போது அது உறிஞ்சப்பட்டுச் சப்பையானால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். பல லாரி இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும். லோடில் சூடு கூடும்; குளிர்ந்த காலையில் இன்ஜின் சூடேறாமல் டீசல் குடிக்கும். சந்தேகமிருந்தால் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு போட்டு, அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள்.

இனி, கார் மெக்கானிக்கிலிருந்து லாரிக்கு வருகிறவர்கள் தவறவிடுகிற இடம். காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுத்த சில நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல்லாகிவிடுகிறது, டேங்கில் குமிழ் வருகிறது, தண்ணீர் வெளியே தள்ளுகிறது. "ஹெட் பேக்கிங் போச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். போயிருக்கலாம். ஆனால் லாரியில் ஏர் பிரேக்குக்கான கம்ப்ரசர் இருக்கிறது. பல இன்ஜின்களில் அதன் ஹெட்டும் இதே கூலன்டில்தான் குளிர்கிறது. அதன் கேஸ்கெட் போனாலோ ஹெட் விரிசல் விட்டாலோ பிரேக் காற்று கூலன்டுக்குள் புகுந்து அச்சு அசலாக அதே அடையாளத்தைக் காட்டும். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கம்ப்ரசரிலிருந்து காற்று போகும் பைப்பைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். குமிழ் நின்றால் குற்றவாளி கம்ப்ரசர். நிற்காவிட்டால் மட்டும் ஹெட் பக்கம் திரும்புங்கள். சின்ன வேலையில் முடிய வேண்டியதை இன்ஜின் இறக்குவது வரை கொண்டுபோகாமல் காப்பாற்றும் சோதனை இது. பிரேக் காற்று இல்லாத அந்த நேரத்தில் மட்டும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது.

வழியில் நின்ற டிரைவர் போன் செய்தால் என்ன சொல்வது? தண்ணீர் கொட்டாமல் முள் மட்டும் ஏறினால், ஓரங்கட்டி நியூட்ரலில் கொஞ்ச நேரம் ஓடவிடட்டும். தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் உடனே அணைக்க வேண்டும். ஓஸ் வெடித்து முழுத் தண்ணீரும் போன வண்டியில் முள் திடீரென்று கீழே இறங்குவதும் உண்டு. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாததால் வரும் பொய்க் கணக்கு அது. "இறங்கிடுச்சுண்ணே, வரவா?" என்பவரை அங்கேயே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

தொழிலாக எடுக்க நினைப்பவருக்கு: ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். முடித்த கையோடு அப்ரன்டிஸாகச் சேரப் பாருங்கள். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள். கைக்காசு போட்டு முதலில் வாங்க வேண்டியது கூலிங் பிரஷர் டெஸ்டரும், தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டரும். ரேடியேட்டர் முகத்தில் மேலும் கீழுமாக அதைக் காட்டினால், அடைத்த குழாய்கள் இருக்கும் இடம் மட்டும் குளிர்ச்சியாகத் தெரியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். கூலன்ட் சூட்டுக்கான கோடு எஸ்பிஎன் 110. அது சூடு ஏறியதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. டிரைவரிடம் கேட்கும் நான்கு கேள்விகள் அங்கேயும் வேண்டும்.

காரணம் கண்டுபிடித்ததற்குத் தனிக் கூலி கேளுங்கள். சாமான் மாற்றினால்தான் காசு என்ற வழக்கம் இருக்கும்வரை தேவையில்லாத சாமானும் மாறிக்கொண்டே இருக்கும். ஓனர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். சோதித்ததையும் கண்டதையும் ஒரு தாளில் எழுதி, முள் எங்கே நின்றது, குமிழ் எப்போது நின்றது என்று காட்டினால் பெரும்பாலானவர்கள் தருவார்கள்.

வண்டியைக் கொடுக்கும் முன், புகார் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். லோடில் சூடான வண்டியைக் காலியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்பினால், மறுநாள் கூட்டேரிப்பட்டைத் தாண்டுவதற்குள் போன் வரும். புதிதாக ஊற்றிய கூலன்டில் காற்று அடைபட்டிருக்கும். ஓரிரவு நிறுத்தி, காலையில் குளிர்ந்த நிலையில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டு, எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள்.