பழைய உழவு இயந்திரத்தை மாற்றி எடுக்குமுன்: ஒரு பாடம்



1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2009க்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் மீண்டும் கலப்பை வைத்திருக்கின்றன. தொண்டைமானாற்றிலும் அதை அண்டிய வலிகாமம் வடக்கிலும் புது இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள், கையிலுள்ள பழையதைக் கொடுத்து, மேலதிகமாகக் காசும் கொடுத்து, வேறொரு பழையதை எடுக்க எண்ணுகிறார்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் இருந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற ஆண்டவரின் உவமை இதற்கும் பொருந்தும். பெயின்ரைப் பார்த்து மாற்றினால் குடும்பத்தின் சேமிப்பே போய்விடும்.

1. வேலையைப் பாருங்கள்

வெங்காயம், புகையிலை செய்யும் சிறு செம்மண் துண்டுகளுக்கு லாண்ட்மாஸ்டர் போதும். நெல்வயல் உழவும் பெட்டியிழுப்பும் கூலிக்குச் செய்ய நினைத்தால் மட்டுமே நான்கு சில்லு இயந்திரம் தன் செலவைத் தாங்கும்.

2. இரண்டையும் ஒப்பிடுங்கள்

இங்கிலாந்தில் செய்யப்பட்ட மசி பேர்குசன் 35 (1957–1964), 135 (1964–1975) இரண்டும் இன்றும் உழுகின்றன. 135 ஏறக்குறைய 45 குதிரைவலு உடையது. 35 அதைவிடக் குறைவு. ஆனால் 35இல் இருவகை டீசல் எஞ்சின் உண்டு. முதலில் வந்தது நான்கு சிலிண்டர். காலையில் ஸ்ராட் ஆக அடம்பிடிக்கும், உதிரிப்பாகமும் அரிது. 1959இன் முடிவிலிருந்து வந்தது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ். 135இன் எஞ்சினும் அதே இனம் என்பதால் பாகங்கள் பல பொருந்தும். டீசல் பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்களை எண்ணுங்கள்: மூன்றா, நான்கா? மூன்றைக் கொடுத்து நான்கை வாங்காதீர்கள். நல்ல 35, தேய்ந்த 135ஐவிட மேல்.

3. சோதியுங்கள்

• எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போங்கள். கைவைத்துப் பார்த்து, உங்கள் முன்னால் ஸ்ராட் செய்விக்கவும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

• அரைமணி நேரம் உழுது, நிறுத்தி, உடனே மீண்டும் ஸ்ராட் செய்யுங்கள். சூட்டில் பிடிக்காவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கலாம். பேர்கின்ஸின் பம்புக்கு டீசலே மசகு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய இயந்திரமானால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

• கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். உடனே கீழே இறங்கினால் தூக்கியில் கசிவு. கியர்பெட்டி ஒயிலே தூக்கிக்கும் பயன்படுகிறது. அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது.

• எங்கள் ஊரில் கடலும் உப்பேரியும் அருகில். மட்கார்ட்டின் அடி, சில்லு ரிம், டீசல் தாங்கி ஆகியவற்றின் துருவைச் சுரண்டிப் பாருங்கள்.

4. பத்திரத்தைப் பாருங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், செசி இலக்கங்களை இயந்திரத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நிதிக் கம்பனியின் பெயர் அதில் இருக்கிறதா? பதிவுகாரர் இறந்தோ வெளிநாடு போயோ இருந்தால், பெயர் மாற்ற யார் கையொப்பமிடுவார்? பதில் தெளிவாகும்வரை உங்கள் இயந்திரத்தையோ காசையோ கொடாதீர்கள்.

5. கூட்டிப் பாருங்கள்

மேலதிகக் காசு, பம்ப் திருத்தம், டயர், பெயர் மாற்றச் செலவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையில் உங்கள் பழைய இயந்திரத்தையே நன்றாகத் திருத்தலாமா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். திருத்தம் மலிவானால் மாற்ற வேண்டாம்.

கலந்துரையாட:
• நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல இயந்திரத்தை வைத்திருக்க முடியுமா? உழவு முறையை யார் தீர்மானிப்பது?
• வீட்டில் பெண்களோடும் இக்கணக்கைப் பேசினீர்களா?